பிளக் கேப்புக்குள் ஒரு பொட்டு கிரீஸ்

விதை நேர்த்தி, உர அளவு, பூச்சி மருந்து என்றுதான் வழக்கமாக உங்களிடம் பேசுவேன். இன்று பேசப்போவது பெட்ரோல் வண்டியின் பிளக்கைப் பற்றி. "வேளாண்மை அதிகாரிக்கு மெக்கானிக் வேலை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

ஓர் ஐப்பசி மாதத்தில் செம்பரம்பாக்கம் பக்கம் கீரைத் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தேன். முளைக்கீரையில் வெள்ளைத் துரு நோய் வந்திருப்பதாகத் தகவல். நோயைப் பற்றிப் பேசி முடித்ததும் தோட்டக்காரர் ஒருவர் சொன்னார்: "ஐயா, நோயினால போனது கால் பங்குதான். வண்டியினால போனது முக்கால் பங்கு!" விசாரித்தேன். அவரிடம் பழைய ஆம்னி வேன் ஒன்று இருக்கிறது. ராத்திரி கட்டு கட்டி, விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேடு சந்தைக்குக் கிளம்ப வேண்டும். மழை பெய்தால் அன்றைக்கென்று பார்த்து வண்டி மக்கர் செய்யும். செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. நாலு பேர் தள்ளி, ஐந்தரை மணிக்குக் கிளம்பி, சந்தைக்குள் நுழைவதற்குள் விடிந்துவிடும். வாடிய கீரைக்கு யார் விலை கொடுப்பார்கள்? அந்த மாதத்தில் மூன்று முறை கட்டோடு மாட்டுக்குப் போட்டதாகச் சொன்னார்.

வெயில் வந்ததும் அதே வண்டி ஒரே சாவியில் கிளம்பிவிடுமாம். அதனால் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டும்போது குற்றம் ஒன்றும் தெரிவதில்லை. மழையில் மட்டும் மக்கர் செய்து வெயிலில் ஒழுங்காக ஓடும் வண்டி என்றால், பெரும்பாலும் கோளாறு பெட்ரோலில் இல்லை; பிளக்குக்குப் போகிற மின்சாரம் வழியில் ஒழுகிப்போகிறது.

எப்படி ஒழுகுகிறது? வண்டியின் பேட்டரி 12 வோல்ட். அதை வைத்துக்கொண்டு பிளக்கில் பொறி வராது. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுவதற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நெருக்கப்பட்டிருக்கும்போது இன்னும் பல மடங்கு தேவை. அதற்காகத்தான் இக்னிஷன் காயில் இருக்கிறது. அதற்குள் தடித்த கம்பிச் சுருள் ஒன்று, மெல்லிய கம்பியைப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றிய சுருள் ஒன்று. தடித்த சுருளில் ஓடுகிற மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினால் மெல்லிய சுருளில் இருபதாயிரம் வோல்ட் வரை எழும்பும். அது தடித்த ரப்பர் ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போய், அங்கிருந்து முறை வைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் போகிறது. ஏரிப் பாசனத்தில் மடைக்கு மடை முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோமே, அதே மாதிரி. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், மூன்று சிலிண்டர் உள்ள ஆம்னியில் நிமிடத்துக்கு 4,500 பொறி வர வேண்டும்.

இப்போது வரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது வரப்பில் நண்டு வளை இருந்தாலும் தெரியாது. தண்ணீர் மட்டம் ஏறினால் அந்த வளையைத் தேடிக்கொண்டு போகும். இருபதாயிரம் வோல்ட்டும் அப்படித்தான். பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல் கொஞ்சம் அழுக்கு, அதன்மேல் கொஞ்சம் ஈரம், அவ்வளவு போதும். சிலிண்டருக்குள் இருக்கும் இடைவெளியைத் தாண்டிக் கஷ்டப்படுவதைவிடப் பீங்கான்மேல் ஊர்ந்து எஞ்சின் இரும்பில் இறங்குவது அதற்குச் சுலபம். உள்ளே பொறி வராது, பெட்ரோல் எரியாது, வண்டி கிளம்பாது. ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சாலைத் தண்ணீர் சக்கரத்திலிருந்து தெறித்து மேலே ஏறுவதற்குத் தூரம் அதிகமில்லை.

இன்னொரு கெடுதலும் உண்டு. மின்சாரம் ஒரே வழியில் திரும்பத் திரும்ப ஊர்ந்தால் அந்த இடம் கருகி, பென்சிலால் கோடு கிழித்தது போலக் கரிக் கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அப்புறம் மழை நின்ற பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்துதான் டைஎலக்ட்ரிக் கிரீஸ். கடையில் சிலிக்கோன் டைஎலக்ட்ரிக் கிரீஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். சிலிக்கோன் எண்ணெயில் மிக நைசான சிலிக்கா தூளைக் கலந்து பசையாக்கியது. வெண்ணெய் மாதிரி, பாதி வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளையாக இருக்கும். சூட்டில் உருகி ஓடாது, தண்ணீரில் கரையாது, பிளக் கேப்பின் சாதாரண ரப்பரை ஊதவைக்காது.

இது பிறந்த கதை சுவையானது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவின் குண்டுவீச்சு விமானங்கள் மிக உயரத்தில் பறந்தபோது எஞ்சினில் பொறி தவறத் தொடங்கியது. மேலே காற்று மெல்லியது. மெல்லிய காற்றில் மின்சாரம் எளிதாகக் கசியும். ஈரமும் சேர்ந்துகொண்டது. 1943-ல் தொடங்கப்பட்ட டவ் கார்னிங் என்ற கம்பெனி அதற்காகச் செய்து கொடுத்த முதல் சரக்கே இந்தச் சிலிக்கோன் பசைதான். கேப்புக்குள் அதை அடைத்தார்கள். விமானம் உயரத்தில் நின்றது. ஆகாயத்தில் செய்த வேலையைக் கோயம்பேடு போகிற வேனுக்கும் செய்யும்.

இனி, எல்லோரும் தடுமாறுகிற இடத்துக்கு வருகிறேன். அந்தக் கீரைத் தோட்டக்காரரின் மகன் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நம் பக்கத்து ஊர்களின் கதையே அதுதானே! 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை திறந்தார்கள். அப்பா வரப்பில், பிள்ளை கம்பெனியில். மகன் இந்த கிரீஸைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு டியூப் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். அப்பா என்ன செய்தார்? "கரண்டு நல்லாப் போகட்டும்" என்று கேப் நிறைய வழித்து அடைத்துவிட்டார். அடைத்துத் திணித்ததில் உள்ளே சிக்கிய காற்றுக்கும் கிரீஸுக்கும் போக்கிடம் இல்லை. எஞ்சின் சூடானதும் கேப் மெல்ல மெல்ல வெளியே தள்ளி வந்து, பூந்தமல்லி தாண்டுவதற்குள் ஒரு பிளக் நின்றுபோனது. "அப்பா, இது கரண்டைக் கடத்தாது, தடுக்கும்" என்றார் மகன். "தடுக்கிறதை எதுக்குடா பூசச் சொன்னே?" என்றார் அப்பா. அந்த வழக்கு என்னிடம் வந்தது.

இருவர் சொன்னதிலும் பாதி பாதி சரி. இந்த கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. பிளக் நுனியும் கேப்புக்குள் இருக்கும் உலோகக் கிளிப்பும் இறுக்கிப் பிடிக்கும்போது நடுவில் இருக்கும் கிரீஸ் பிதுங்கி வெளியே போய்விடும். உலோகம் உலோகத்தைத் தொடும். மின்சாரம் அந்த வழியில் போகும். பிதுங்கிய கிரீஸ் சுற்றி நின்று ஈரமும் காற்றும் வராமல் அடைத்துக்கொள்ளும். ஆக, இது வாய்க்காலில் ஊற்றுகிற தண்ணீர் அல்ல, நண்டு வளையில் வைத்து மிதிக்கிற களிமண். இதைப் புரிந்துகொண்டால் எங்கே, எவ்வளவு பூசுவது என்பது தானே விளங்கிவிடும்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. கேஸில் ஓடும் வண்டியென்றால் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, வாசனை ஏதும் இல்லையா என்று பாருங்கள். பிளக் ஒயர்களை ஒட்டுமொத்தமாகப் பிடுங்கிப் போடாதீர்கள். பழைய கார்புரேட்டர் ஆம்னியிலும் மாருதி 800-லும் பொறி வரும் வரிசை ஒன்று, மூன்று, இரண்டு. ஒயர் மாறினால் கிரீஸையும் பெட்ரோலையும் குற்றம் சொல்லிக்கொண்டு ஒரு நாள் போய்விடும். ஒன்றைக் கழற்றி, அதை முடித்து மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கேப்பைப் பிடித்து இப்படியும் அப்படியும் கொஞ்சம் திருகி, பிறகு இழுக்க வேண்டும். பல ஒயர்களில் உள்ளே செம்புக் கம்பி இருக்காது. கரி ஏற்றிய நூல்தான் இருக்கும். இழுத்தால் உள்ளே அறுந்துபோகும், வெளியே தெரியாது. எதற்குக் கரி நூல் என்று கேட்டால், உங்களுக்காகத்தான்! செம்புக் கம்பியில் பொறி மின்சாரம் ஓடினால் வானொலிப் பெட்டியில் கரகரவென்று இரைச்சல் வரும். பழைய லாரி வீட்டைக் கடக்கும்போது பேச்சு கேட்காமல் போனதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இரைச்சலை அடக்கத்தான் கரி நூல்.

கேப்பை எடுத்த பிறகு பிளக்கின் வெள்ளைப் பீங்கானைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடையுங்கள். விரிசல் இருந்தாலோ, துடைத்தும் போகாத கரிக் கோடு இருந்தாலோ பிளக்கை மாற்றுவதுதான் வழி. கேப்பின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு இருந்தால் சுரண்டி, உலர்த்துங்கள். கேப் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். மர வேர் மாதிரி கரிக் கோடுகள் ஓடியிருந்தால் அந்த மூடி இனி உதவாது. கிரீஸ் காவல்காரன்தான், வைத்தியன் அல்ல. அழுக்கின்மேலும் ஈரத்தின்மேலும் பூசினால் அழுக்கையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டின கதையாகும்.

பிளக்கையே கழற்றியிருந்தால் திரும்ப மாட்டும்போது முதலில் கையாலேயே மரை ஏற்றுங்கள். கை நின்ற பிறகு, வாஷர் உள்ள புது பிளக்குக்கு ஸ்பேனரில் அரைச் சுற்று. பழைய பிளக்காக இருந்தால் அதைவிட மிகக் குறைவு. பலத்தைக் காட்டினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். பிளக்கின் மரையில் இந்த கிரீஸ் வேண்டாம். அடியில் பொறி வருகிற முனையில் கிரீஸ் படவே கூடாது.

இப்போது கிரீஸ். ஒரு தென்னங்குச்சியோ, காது குடையும் பஞ்சுக் குச்சியோ போதும். பயறு அளவு எடுத்து, கேப்பின் வாயிலிருந்து அரை அங்குலம் வரை உட்சுவரில் சுற்றிலும் மெல்லியதாகத் தடவுங்கள். பீங்கான்மேலும் ஒரு படலம் தடவலாம். ரப்பர் பளபளவென்று தெரிந்தால் போதும். கட்டியாகத் தெரிந்தால் அதிகம். பிறகு கேப்பை நேராக வைத்து அழுத்துங்கள். 'டிக்' என்று பிடிப்பது கையில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உள்ளே காற்று நிற்கிறது. கேப்பின் ஓரத்தை லேசாகத் தூக்கிக் காற்றை விட்டு மறுபடி அழுத்துங்கள். ஒயரின் மறுமுனை டிஸ்ட்ரிபியூட்டரில் சேரும் இடத்து ரப்பர் மூடிக்கும், காயிலில் நடு ஒயர் சேரும் இடத்துக்கும் இதே வைத்தியம். புது மாடல் கார்களில் ஒயரே கிடையாது, பிளக் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். அதன் ரப்பர் குழல் வாயிலும் இப்படி ஒரு படலம் தடவலாம்.

தடவக் கூடாத இடங்களைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். அம்பாசிடர், பத்மினி போன்ற பழைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் இருக்கும். அதன்மேல் மட்டுமல்ல, அதன் பக்கத்திலும் இந்த கிரீஸ் போகக் கூடாது. பாயின்ட் திறந்து மூடும்போது வருகிற சிறு பொறியில் சிலிக்கோன் எரிந்து மணல் போன்ற படிவாகிவிடும். அப்புறம் மின்சாரம் போகாது. ரோட்டார் நுனி, மூடியின் நடுவில் இருக்கும் கரித் துண்டு இவற்றிலும் வேண்டாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்கும் வண்டிகளின் சைலன்சர் குழாயில் பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று மாட்டியிருப்பார்கள். சிலிக்கோன் அதற்கு விஷம். அந்தப் பக்கமும் காற்று வடிகட்டிப் பக்கமும் கிரீஸ் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

கடையில் ஏமாறவும் வழி இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் சிலிக்கோன் என்று கேட்டால், கண்ணாடிக்கும் பாத்ரூம் இடுக்குக்கும் வைக்கிற டியூபை எடுத்துக் கொடுப்பார்கள். அது கிரீஸ் அல்ல, கோந்து. காடி வாசனை அடித்தால் அதில் அமிலம் வருகிறது என்று அர்த்தம். செம்பை அரித்துவிடும், கேப்பும் பிளக்கோடு ஒட்டிக்கொள்ளும். சக்கர பேரிங்குக்கு வைக்கிற கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். கிராபைட், செம்புத் தூள் கலந்த கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தும். அதைக் கேப்புக்குள் வைத்தால் நண்டு வளையை நாமே தோண்டின மாதிரி. தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். சூட்டில் கருகிப் பிசுபிசுத்து, தூசியை இழுத்து வைப்பதைத் தவிர அதனால் ஒன்றும் நடக்காது.

வேன் இல்லாதவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பானேன் என்று நினைக்க வேண்டாம். டீசல் டிராக்டருக்கும் டீசல் பவர் டில்லருக்கும் பிளக் கிடையாது, உண்மைதான். ஆனால் முதுகில் மாட்டும் பெட்ரோல் பவர் ஸ்பிரேயர், பெட்ரோல் களையெடுக்கும் கருவி, புல் வெட்டும் கருவி, டி.வி.எஸ். எக்ஸ்எல் எல்லாவற்றிலும் ஒரு பிளக், ஒரு கேப். ஸ்பிரேயர் பாடு வேனைவிட மோசம். மருந்துக் கரைசல் அதன்மேலேயே வழிகிறது. இலைவழியாக யூரியாவோ பொட்டாஷோ தெளித்திருந்தால் உப்புப் படிந்து நிற்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். புகையான் விழுந்த வயலில் வட்டம் வட்டமாகக் காய்ந்து வரும்போது, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்று, இரண்டு நாள் தள்ளிப்போனால் அந்த வட்டம் எவ்வளவு பெரிதாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெளித்து முடித்த அன்றே கையுறை போட்டுக்கொண்டு கருவியைத் துடைத்து, காயவைத்து, கேப்பைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு தரம் கிரீஸ் தடவினால் போதும்.

நடுவழியில் மழையில் வண்டி நின்றுவிட்டது, கிரீஸும் இல்லை என்றால், சாவியை அணைத்துவிட்டு ஒவ்வொரு கேப்பாகக் கழற்றி, உள்ளும் புறமும் பீங்கானும் நன்றாக உலரும்படி துடைத்து மாட்டுங்கள். பத்தில் எட்டு வண்டி கிளம்பிவிடும் என்பது என் அனுபவம். ஓடுகிற எஞ்சினில் ஒயரைக் கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். அடிக்கிற அதிர்ச்சியில் கை இழுத்துக்கொண்டு ஃபேனில் போய்ப் படலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டுமானால், இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, சீட்டைத் தூக்கி, தள்ளி நின்று பாருங்கள். ஒயர் ஓரத்தில் மின்மினி மாதிரி நீலப் பொறி தெரிந்தால் அங்கேதான் வளை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு மட்டும் இந்தப் பேச்சு பொருந்தாது. 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள நம் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1-ம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரை நெடுக வண்டிகள் முங்கின. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நஷ்டப்பட்டார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், பிஸ்டன் அதை நெருக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அப்படிப்பட்ட வண்டியில் செல்ஃபைத் தொடாமல், பேட்டரியைக் கழற்றிவிட்டு, மெக்கானிக்கை வரவழையுங்கள். அவர் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றட்டும். எஞ்சின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் ஆயிலையும் மாற்றியாக வேண்டும். கிரீஸ் வேலை கடைசியில்தான்.

எப்போது செய்வது என்று தோட்டக்காரர் கேட்டார். வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால் நமக்கு ஆயுத பூஜை வருகிறது. அன்றைக்கு வண்டியைக் கழுவுகிறோம் என்று ஹோஸ் பைப்பைச் சீட்டுக்கு அடியில் விட்டு எஞ்சினையும் குளிப்பாட்டுகிறவர்கள் உண்டு. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்துச் சாவியைத் திருகும்போது வண்டி நிற்கிறது! அதனால் பூஜைக்கு முதல் நாளே கேப்புகளைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள். எஞ்சினை ஈரத் துணியால் துடைத்தால் போதும், பைப் வேண்டாம். சந்தனம் குங்குமம் வெளியே பானெட்டில் வையுங்கள், பிளக்கில் வேண்டாம். ஒரு சின்ன டியூப் வாங்கினால் வேனுக்கும் ஸ்பிரேயருக்கும் எக்ஸ்எல்லுக்கும் சேர்த்து இரண்டு மூன்று வருஷம் வரும். மூடியை இறுக்கி, ஒரு சுத்தமான துணியோடு பொட்டலம் கட்டி வண்டியிலேயே போட்டு வையுங்கள்.